ஜூன் 30: எங்கள் மாடியறையில் தங்கிய சென்டர் ஹாஃப்

எங்கள் சமையலறைக் காலண்டரில் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 30 ஆம் தேதியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. அது யாருடைய பிறந்தநாளும் அல்ல. இங்கிலாந்தில் தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் ஒப்பந்தங்கள் காலாவதியாகும் நாள். எங்கள் வீட்டில் யாரும் பந்தைத் தொட்டதில்லை. நான் ஒரு நகராட்சி அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுபவன். என் மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர். ஆனாலும் 2006 ஜூலையில் எங்கள் மாடியறைக்கு வந்து சேர்ந்த பதினாறு வயதுப் பையன் ஒருவனால் அந்தத் தேதி எங்கள் வீட்டுத் தேதியாகவும் ஆகிவிட்டது.

மான்செஸ்டருக்கு வடக்கே, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் வீடு. அடிமட்ட லீக்குகளில் ஆடும் சிறிய கிளப்புகளுக்கு விடுதி கட்டிப் பையன்களைத் தங்கவைக்கும் வசதி இருப்பதில்லை என்பதால், வெளியூரிலிருந்து வரும் பயிற்சி மாணவர்களை அக்கம்பக்கத்துக் குடும்பங்களில் தங்கவைப்பார்கள். இதற்கு அங்கே ‘டிக்ஸ்’ என்று பெயர். வாரந்தோறும் வீட்டுக்காரருக்கு ஒரு தொகை வரும். அதற்கு முன் எங்கள் குற்றப் பின்னணியைச் சரிபார்த்தார்கள். என்ன சமைக்க வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்து ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டச் சொன்னார்கள். கம்பிரியா கடலோரத்திலிருந்து ஒரு பையுடனும் தன் சொந்தத் தலையணையுடனும் வந்திறங்கினான் அவன். அப்போது ஐந்து வயதாகியிருந்த எங்கள் மகள் அவனுக்கு ‘மாடி அண்ணா’ என்று பெயர் வைத்தாள். அதையே அவன் தன் தமிழ்ப் பெயர் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தான். அவனது உண்மைப் பெயரையும் ஆடிய கிளப்புகளின் பெயர்களையும் இங்கே எழுதப் போவதில்லை. இதை எழுத அவன் சம்மதித்தபோது கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அவன் ஆறடி ஓர் அங்குலம் உயரம். சாதாரண மனிதனுக்கு அது போதும். தன் கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரரான சென்டர் ஹாஃபுக்கு, அதுவும் பந்தை வானத்தில் தூக்கி அடித்தே பழகிய கீழ் டிவிஷன்களில், அது குறைவு. இதை அவனிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் எதிராளி குதிப்பதற்கு அரை நொடி முன்னால் குதிப்பது எப்படி என்று பழக, சாயங்காலங்களில் எங்கள் கார் ஷெட் சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து தலையால் முட்டிக்கொண்டிருப்பான். காலையில் பயிற்சி, மதியம் பெரிய வீரர்களின் பூட்ஸைத் துடைக்கும் வேலை, வாரத்தில் ஒரு நாள் கல்லூரி. பூட்ஸ் துடைப்பதை அவன் வீட்டிலும் விடவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஸ்டட்களின் இடுக்கிலிருந்து சேற்றைத் தோண்டி எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைப்பான். ஒருநாள் மழையில் நனைந்த ஜோடியை என் மனைவி இரக்கப்பட்டு ஹீட்டர் மேல் வைத்துவிட்டாள். சூட்டில் தோல் வெடித்துவிடும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இந்தப் பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகள். பதினெட்டு வயதில் தொழில்முறை ஒப்பந்தம் கிடைக்கும், அல்லது வெளியே அனுப்பிவிடுவார்கள்; பெரும்பாலானோருக்குக் கிடைப்பது இரண்டாவது. அவனுடன் சேர்ந்த பதினொரு பேரில் மூவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது, அதில் அவனும் ஒருவன். ஓராண்டு ஒப்பந்தம். 2009 மே மாதம் அதுவும் முடிவுக்கு வந்தது.

அன்று அவன் காலை பத்தே காலுக்கு வீட்டை விட்டுப் போனான்; பதினொன்றுக்குள் திரும்பிவிட்டான். மேனேஜரின் அறை வாசலில் வீரர்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொருவராக உள்ளே போய் வந்திருக்கிறார்கள். அவன் முறை நான்கு நிமிடம் எடுத்ததாம். “நல்ல பையன், நல்ல மனப்பாங்கு, ஆனால் பட்ஜெட் இல்லை” என்றிருக்கிறார்கள். அவன் கையில் ஒரு கறுப்புக் குப்பைப் பை இருந்தது; லாக்கரிலிருந்த பூட்ஸ், ஷின் பேட், ஒரு சீப்பு எல்லாவற்றையும் அதில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். என் மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எதுவும் பேசாமல் ஆறு தோசை சாப்பிட்டான். பிறகு மாடிக்குப் போய் இரண்டு நாள் இறங்கவில்லை.

யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று கிளப்புகள் மே மாதம் வெளியிடும் அறிவிப்புக்கு ‘ரிட்டெய்ன்டு லிஸ்ட்’, அதாவது ‘வைத்துக்கொள்ளப்பட்டவர்கள் பட்டியல்’ என்று பெயர். அந்தப் பெயரில் ஒரு வரலாற்று முரண் இருக்கிறது. 1963 க்கு முன்பு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் ஒரு வீரரின் பதிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அவரை வேறு எங்கும் ஆடவிடாமல் தடுக்க முடியும். நியூகாசிலிலிருந்து வெளியேற முயன்ற ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில்தான் உயர் நீதிமன்றம் அது நியாயமற்ற கட்டுப்பாடு என்று தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புவரை வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் எந்த வீரருக்கும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்ற உச்சவரம்பும் இருந்தது. 1995 இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் போஸ்மன் தீர்ப்பு வந்து, ஒப்பந்தம் முடிந்த வீரர் பழைய கிளப்புக்குப் பரிமாற்றத் தொகை எதுவும் இல்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்றானது. பெரிய நட்சத்திரங்களுக்கு அது விடுதலை. எங்கள் மாடியறைக்காரனைப் போன்றவர்களுக்கோ, அன்று போகவிடமாட்டார்கள், இன்று இருக்கவிடமாட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மூன்றாம் நாள் அவன் கீழே வந்தபோது தொலைக்காட்சியில் வெம்ப்ளியிலிருந்து ஒரு போட்டி ஓடிக்கொண்டிருந்தது. 2009 மே 25, பர்ன்லிக்கும் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கும் இடையே பிரீமியர் லீக்குக்குப் போவதற்கான பிளே ஆஃப் இறுதி ஆட்டம். எங்கள் பகுதியில் பாதிப் பேர் பர்ன்லி ரசிகர்கள் என்பதால் தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. வேட் எலியட் தூரத்திலிருந்து அடித்த ஒரே கோலில் பர்ன்லி வென்றது. ஆட்ட நாயகன் விருது கிளார்க் கார்லைலுக்குப் போனது. பிளாக்பூலில் தொடங்கி, க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், லீட்ஸ், வாட்ஃபோர்டு என்று போய், லூட்டனுக்கு இரவலாகவும் ஆடிவிட்டு வந்த சென்டர் ஹாஃப் அவர். அதே அணியில் கிரகாம் அலெக்ஸாண்டரும் இருந்தார். ஸ்கன்தார்ப், லூட்டன், பிரெஸ்டன் என்று கீழ் டிவிஷன்களிலேயே வலது தடுப்பாட்டக்காரராகக் காலம் தள்ளி, பிற்பாடு நடுக்களத்துக்கு நகர்ந்தவர். அந்த வெற்றியால் அதே ஆகஸ்டில், 37 வயதில், முதன்முதலாகப் பிரீமியர் லீக்கில் ஆடினார். ஆட்டம் முடிந்ததும் பையன் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “அவர்களை எத்தனை தடவை வெளியே அனுப்பியிருப்பார்கள்?”

அடுத்த இரண்டு ஆண்டுகள் அவன் அரைநேர வீரன். அப்போது கான்ஃபரன்ஸ் நார்த் என்று அழைக்கப்பட்ட ஆறாம் படியில் ஒரு கிளப். செவ்வாய், வியாழன் இரவுகளில் பயிற்சி. பகலில் கட்டடப் பொருள் கிடங்கில் பிளாஸ்டர் மூட்டை தூக்கும் வேலை. மாடியறைக்கு இப்போது அவனே வாடகை கொடுத்தான். எங்களைப் பொறுத்தவரை அவன் உண்மையில் ஆட்டம் கற்றது அங்கேதான். அகாடமியில் அவன் ஆடியதெல்லாம் தன் வயதுப் பையன்களோடு. இங்கே 34 வயது ஸ்ட்ரைக்கர் ஒருவர், நடுவர் திரும்பிய நேரம் பார்த்து அவன் கால்விரலை மிதித்துவிட்டு, “மன்னிச்சுக்கோ மகனே” என்று தலையைத் தடவிவிட்டுப் போனாராம். வாய் திறந்து பேசவும் அங்கேதான் கற்றான். சென்டர் ஹாஃபுக்குக் குரல் ஒரு கருவி. முன்னால் நிற்பவனுக்குப் பின்னால் வரும் ஆள் தெரியாது, இவன்தான் சொல்ல வேண்டும். வீட்டில் வாயே திறக்காத பையன் மைதானத்தில் தொண்ணூறு நிமிடமும் கத்துவதை முதன்முதலாகக் கேட்டபோது என் மகள் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிற்காலத்தில் அவனை எடுத்துக்கொண்ட மேனேஜர்கள் மூவரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: இவன் பேசுகிறான், பக்கத்தில் ஆடுபவனையும் நன்றாக ஆடவைக்கிறான்.

இப்படிக் கிளப் கிளப்பாகப் போகும் வீரரை ‘ஜர்னிமேன்’ என்பார்கள். அந்தச் சொல் அவனுக்குப் பிடிக்காது. ஊர் ஊராக அலைபவன் என்று கேலி செய்வதுபோல இருக்கிறது என்பான். அகராதியைப் புரட்டிப் பார்த்து நான்தான் சொன்னேன், அதில் உள்ள ‘ஜர்னி’ பயணம் அல்ல, ஒரு நாள் வேலை. தொழிலை முறையாகக் கற்று முடித்து, நாட்கணக்கில் கூலி வாங்கும் கைவினைஞனுக்குப் அந்தக் கால ஆங்கிலத்தில் வைத்த பெயர் அது என்று. தமிழில் அன்றாடங்காய்ச்சி என்று சொல்லலாம், ஆனால் கைத்தொழில் தெரிந்த அன்றாடங்காய்ச்சி. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவன் பொறுத்துக்கொண்டான்.

2011 இல் நான்காம் படியான லீக் டூவின் கிளப் ஒன்று அவனை எடுத்தது, மறுபடியும் ஓராண்டுக்கு. 2012 ஜூலையில் மீண்டும் கிளப் இல்லை. அந்த மாதம் அவன் நான்கு ஊர்களில் சோதனை ஆட்டம் ஆடினான். உள்ளூர்ப் பத்திரிகையில் வரும் அணிப் பட்டியலில் அப்படிப்பட்டவர்களுக்குப் பெயர் இருக்காது. ‘ட்ரையலிஸ்ட்’ என்று மட்டும் போடுவார்கள். இந்த ஆட்டங்களுக்குச் சம்பளம் கிடையாது, அது பரவாயில்லை. ஆனால் முழங்கால் திருகிக்கொண்டால் சிகிச்சை யார் பொறுப்பு என்பதற்கும் எழுத்தில் எதுவும் இருக்காது. மூன்றாவது ஊரில் அவனோடு வந்திருந்த இன்னொரு பையனுக்கு அதுதான் நடந்தது. ஆகவே இப்படிப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை: களத்தில் இறங்குவதற்கு முன் “அடிபட்டால் யார் பார்ப்பீர்கள்?” என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். கேட்டதற்காக யாரும் அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவன் ஒப்பந்தத் தாள்களை எங்கள் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தான். கால்பந்து எனக்குத் தெரியாது; சம்பளச் சீட்டு தெரியும். அடிப்படைச் சம்பளம் சிறியது, மீதியெல்லாம் நிபந்தனைகளில் தொங்குகிறது: களமிறங்கினால் இவ்வளவு, கோல் வாங்காமல் முடித்தால் இவ்வளவு, அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் சம்பளத்தில் இத்தனை சதவீதம் வெட்டு. அவனுடைய அடுத்த ஒப்பந்தத்தில், 25 ஆட்டங்களில் தொடக்க அணியில் இடம்பெற்றால் இன்னோர் ஆண்டு தானாக நீளும் என்றொரு ஷரத்து இருந்தது. அவன் மகிழ்ந்துபோனான். மார்ச் கடைசியில் 24 ஆட்டங்களைத் தொட்டான். அதோடு சரி. அடுத்த ஏழு ஆட்டங்களிலும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அதில் மூன்றில், ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே மாற்று வீரராக இறக்கினார்கள், ஒன்றில் நான்காவது நிமிடத்தில். ஆடியது முழு ஆட்டம்தான், ஆனால் ‘தொடக்கம்’ அல்ல. மேனேஜர் அவன் முகத்தைப் பார்க்கவில்லையாம். யாரிடமிருந்து அவருக்கு உத்தரவு வந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டியதில்லை. அதன்பின் அவன் கையெழுத்திட்ட ஒவ்வொரு தாளிலும் ‘தொடங்கிய ஆட்டங்கள்’ என்ற இடத்தில் ‘45 நிமிடமோ அதற்கு மேலோ ஆடிய ஆட்டங்கள்’ என்று மாற்றி எழுதச் சொன்னேன். ஏஜென்ட் சிரித்தார், ஆனால் கேட்டுப் பார்த்தார்; இரண்டு கிளப்புகள் ஒத்துக்கொண்டன.

ஏஜென்ட் என்றதும் இன்னொன்று. ஏஜென்டின் கட்டணத்தை வீரருக்காகக் கிளப்பே கொடுத்துவிடும்போது அது இலவசம் என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வருமான வரித்துறையின் பார்வையில் அது வேலை கொடுப்பவர் செய்த சலுகை, அதாவது வீரரின் வருமானம். ஒருநாள் அவனது வரிக் குறியீடு திடீரென்று மாறி, கைக்கு வரும் சம்பளம் குறைந்தபோது கிளப்பில் ஒருவருக்கும் விளக்கத் தெரியவில்லை. சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்தது. நாற்பது வயதுக்குள் ஓயப்போகும் தொழிலில், சம்பளச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது ஃப்ரீ கிக் அடிக்கக் கற்றுக்கொள்வதைவிடப் பலன் தரும் என்பது என் கட்சி. அவன் இதை ஒத்துக்கொண்டதில்லை.

பணத்தில் நாங்கள் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. பன்னிரண்டு மாதம் வரும் சம்பளத்தைப் பத்து மாதச் சம்பளமாக எண்ணிச் செலவு செய்வது. ஒவ்வொரு மாதமும் ஆறில் ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுவது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் கிளப் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் சாப்பாடு போடும். கிடைத்துவிட்டால் அப்படியே இருக்கட்டும். அவசரத்தில் கையெழுத்திடாமல் இரண்டு வாரம் பொறுத்திருக்கும் தைரியத்தையும் அந்தப் பணம்தான் கொடுத்தது. அப்படிப் பொறுத்திருந்துதான் 2013 இல் முதன்முறையாக இரண்டாண்டு ஒப்பந்தம் பெற்றான்.

வீட்டை மாற்றுவதில்லை என்பது அவனே எடுத்த முடிவு, அதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். திருமணமான பிறகும் எங்கள் ஊரிலேயே, நாலு தெரு தள்ளி, ஒரு வீடு எடுத்தான். ஓராண்டு ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வீட்டுக் கடன் வாங்குவது குதிரைக்கொம்பு. மனைவியின் பள்ளி ஆசிரியர் வேலைதான் கைகொடுத்தது. அதன்பின் கிளப் எந்த ஊரில் இருந்தாலும் காரில் போய் வந்தான். இதற்கு ‘கார் ஸ்கூல்’ என்று ஓர் ஏற்பாடு கீழ் டிவிஷன்களில் எங்கும் உண்டு. எம்62 நெடுஞ்சாலையில் பிர்ச் சர்வீஸஸ் என்று ஓர் இளைப்பாறும் நிறுத்தம். காலை ஏழரைக்கு ஒரே கிளப்பின் நான்கு வீரர்கள் அங்கே வந்து, மூன்று கார்களை விட்டுவிட்டு ஒன்றில் ஏறிக்கொள்வார்கள். பென்னைன் மலையைக் கடந்து யார்க்‌ஷயருக்குள் இறங்கும் வழி அது. நாட்டிலேயே மிக உயரத்தில் ஏறும் நெடுஞ்சாலை. இரண்டு பக்கச் சாலைகளுக்கும் நடுவில் தனியே நிற்கும் பண்ணை வீட்டைத் தாண்டும்போது பனிமூட்டம் எப்படி என்று பார்த்து, பயிற்சி நடக்குமா நடக்காதா என்று பந்தயம் கட்டுவார்களாம். வாடகை மிச்சம், பெட்ரோல் மிச்சம் என்பதெல்லாம் இருக்கட்டும். அந்தக் காரில் உட்கார்ந்திருந்த மூவரில் இருவர்தான் பிறகு அவனுக்கு அடுத்த கிளப்புகளை வாங்கிக் கொடுத்தார்கள். ஏஜென்ட் செய்த போன்களைவிட, முன்பு கூட ஆடியவர் தன் புது மேனேஜரிடம் “அவன் சும்மாதான் இருக்கிறான், நல்லவன்” என்று சொன்ன ஒரு வாக்கியம் அவனுக்கு அதிகம் உதவியது. உடை துவைக்கும் கிட் மேன், பிசியோ, வாயிற்காவலர் எல்லோரிடமும் அவன் பெயர் சொல்லிப் பேசுவான். புது மேனேஜர்கள் முதலில் விசாரிப்பது இவர்களிடம்தான்.

லோனில், அதாவது இன்னொரு கிளப்புக்கு இரவலாகப் போவதை அவன் தயங்காமல் ஏற்றதும் நல்லதாயிற்று. 2016 க்கு முன்பு, கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கும் பரிமாற்றக் காலம் அடைபட்டிருக்கும்போதும் 93 நாள் வரை அவசர இரவல் எடுக்கும் வசதி கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கு இருந்தது. வியாழக்கிழமை போன் வரும், வெள்ளிக்கிழமை ஒரு பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். பக்கத்தில் ஆடுபவனின் முழுப் பெயர்கூடத் தெரியாது. அதே போல, ரைட் பேக்காகவும், அதாவது வலது தடுப்பாட்டக்காரராகவும் ஆடத் தெரிந்திருந்தது அவன் ஆயுளை நீட்டித்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதற்கு டோனி ஃபோர்டைச் சொல்வார்கள்: 1975 இல் பதினாறு வயதில் கிரிம்ஸ்பியில் ஓரத்தில் ஓடித் தாக்கும் விங்கராகத் தொடங்கி, பிற்காலத்தில் தடுப்பாட்டத்துக்கு இறங்கி, 2001 இல் 42 வயதில் பக்கத்து ராச்டேலில் ஆடி முடித்தவர், கோல்கீப்பர் அல்லாதவர்களில் யாரும் தொடாத 931 லீக் ஆட்டங்கள்.

2015 இல் முழங்கால் தசைநார் அறுந்து ஒன்பது மாதம் போனது. அதைப் பற்றி எழுத அதிகமில்லை, வலியும் சலிப்பும்தான். அடிப்படைச் சம்பளம் வந்தது, ஆட்டத் தொகைகள் நின்றன. அந்த ஒன்பது மாதத்தில் அவன் செய்த உருப்படியான காரியம், வீரர்களின் சங்கமான பிஎஃப்ஏவிடம் கல்வி உதவித்தொகை கேட்டு, பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தது. 1907 இல் மான்செஸ்டரில் தொடங்கிய சங்கம் அது. 2010 முதல் 2013 வரை அதன் தலைவராக இருந்தவர், அன்று தொலைக்காட்சியில் பார்த்த அதே கார்லைல். தன் மனச்சோர்வைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான், 2009 இல் மாடியில் அடைந்து கிடந்த அந்த இரண்டு நாளைப் பற்றி இவன் எங்களிடம் வாய் திறந்தான். அப்போது நாங்கள் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தனியாக இருக்கட்டும் என்று விட்டது எங்கள் தவறு. டிக்ஸ் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதை மட்டும் சொல்வேன்: தட்டுங்கள்.

இனி தலையைப் பற்றி. இதில் என் மனைவி அவனுடன் எட்டு ஆண்டுகள் சண்டை போட்டாள். கோல்கீப்பர் உதைத்து அனுப்பும் பந்து அறுபது மீட்டர் பறந்து வரும். அதன் கீழே போய் நின்று நெற்றியால் திருப்பி அனுப்புவது சென்டர் ஹாஃபின் அன்றாட வேலை. வியாழக்கிழமைப் பயிற்சியில் இதை மட்டுமே நாற்பது ஐம்பது தடவை செய்வார்களாம். வீடு வந்து விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். 2002 இல் 59 வயதில் இறந்த முன்னாள் இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸ்லின் மரண விசாரணையில், பந்தை முட்டியதால் வந்த மூளைப் பாதிப்பைத் தொழில்சார் நோய் என்றே பதிவு செய்தார்கள் என்று அவள் சொன்னால், “அது பழைய காலத்துத் தோல் பந்து” என்பான். 2019 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு வந்தது: ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் பதிவுகளைப் பொதுமக்களுடன் ஒப்பிட்டால், மறதி நோய் போன்ற நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 2021 இல் அதே குழு ஆடும் இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, தடுப்பாட்டக்காரர்களுக்கு அந்நோய்கள் வரும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று தெரிந்தது. பந்தை அரிதாகவே முட்டும் கோல்கீப்பர்களுக்கு அது இரண்டு மடங்குக்கும் கீழே. அந்தத் தாளை அச்செடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் படித்தான், மடித்தான், சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். 2021-22 பருவத்திலிருந்து பயிற்சியில் வேகமான பந்தை வாரத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல் முட்டக் கூடாது என்ற வழிகாட்டுதல் வந்தபோது, தன் அணியில் அதை எண்ணிக் குறித்துவைக்கும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கினான். தங்கள் பிள்ளையைச் சென்டர் ஹாஃபாக அனுப்பும் பெற்றோர் கேட்க வேண்டியது, வாரத்தில் எத்தனை தடவை தலையால் முட்டுகிறான், யார் எண்ணுகிறார்கள் என்பதை. கோல் கணக்கைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கடைசிச் சில ஆண்டுகள் வேகமாக ஓடின. ஒரு கிளப்பில் இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. சங்கத்தின் பிரதிநிதி வந்து, எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து விலகும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்று விளக்கினார். நான் வங்கிக் கணக்கின் நகல்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். ஒரு கிளப் அப்படியே இல்லாமல் போகவும் கூடும் என்பதை 2019 ஆகஸ்ட் 27 அன்று பக்கத்து ஊரான பெரியில் (Bury) பார்த்தோம். 1885 இல் தொடங்கிய கிளப்பை லீக்கிலிருந்து நீக்கினார்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் ஆட்டங்கள் நின்றன. ஜூனில் கிளப்புகள் வாக்களித்து லீக் டூ பருவத்தை முடித்துக்கொண்டன. சிவப்பு வட்டம் மட்டும் அதே தேதியில் வந்தது. ஆகஸ்டில் லீக் டூ அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு 15 லட்சம் பவுண்டு உச்சவரம்பு வைத்தார்கள். 21 வயதுக்கு உட்பட்டவர்கள் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள் என்பதால், முப்பது வயது சென்டர் ஹாஃபைவிடப் பத்தொன்பது வயதுப் பையன் கிளப்புக்கு லாபம். சங்கம் எதிர்த்து வாதாடி, 2021 பிப்ரவரியில் அது ரத்தானது. அதற்குள் அவன், கான்ஃபரன்ஸ் நார்த்தின் புதுப் பெயரான நேஷனல் லீக் நார்த்தில், அரைநேர வீரனாக, பழைய ஆறாம் படிக்கே திரும்பியிருந்தான்.

அலெக்ஸாண்டர் 2012 இல் பிரெஸ்டனுக்காகத் தன் கடைசி உதையில் ஃப்ரீ கிக்கைக் கோலாக்கி ஓய்வு பெற்றார். எங்கள் ஆள் 2023 ஏப்ரலில், மழையில், 0-0 என்ற ஓர் ஆட்டத்தின் எழுபதாம் நிமிடத்தில் பின்தொடை பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தான். முந்நூற்றுச் சொச்சம் பேர் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து ரசம் கேட்டான்.

அந்தச் செப்டம்பரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலை. நியமனத் தாளை வழக்கம்போல எங்கள் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தான். அடிப்படைச் சம்பளம், ஓய்வூதியப் பங்களிப்பு, விடுமுறை என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனவன் இரண்டாம் பக்கத்தில் நின்று, மறுபடி முதல் பக்கத்துக்குப் போனான், மறுபடி இரண்டாம் பக்கத்துக்கு வந்தான். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

“முடியும் தேதி எங்கே போட்டிருக்கிறார்கள்?” என்றான்.

அப்படி ஒன்று இல்லை என்று சொன்னேன். நம்பாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். இப்போது பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் யாராவது அகாடமி ஒப்பந்தத்துடன் வந்தால், அதை அவனே எனக்குப் படமெடுத்து அனுப்புகிறான்.